ஒரே ஸ்டென்டர், இரண்டு துணி: வீட்டுத் தூசி பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்திலும், இந்திய தர நிர்ணய அமைவனத்திலும், ஜவுளி மற்றும் வேதிப்பொருள் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரிகள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் கரூர்க்காரன். துணி பிராசசிங் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, பினிஷிங் மாஸ்டராக, அதாவது துணிக்குக் கடைசியாகப் பூச்சும் பதமும் கொடுக்கும் பிரிவின் பொறுப்பாளனாக, ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்த் துணி பெரும்பாலும் உடுத்துகிற துணி அல்ல, வீட்டில் புழங்குகிற துணி. மேசை விரிப்பு, திரைச்சீலை, குஷன் உறை, சமையலறைத் துண்டு, ஏப்ரன். இதெல்லாம் கரூரிலிருந்து பாரிஸுக்கும் ஹாம்பர்க்குக்கும் நியூயார்க்குக்கும் போகிறது. அவற்றில் எத்தனை லட்சம் மீட்டர் என் கண் முன்னால் ஸ்டென்டர் மெஷினில் (துணியை விரித்துப் பிடித்துச் சூட்டில் காயவைக்கும் இயந்திரம்) ஓடியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

கறை ஒட்டாத துணிப் பூச்சு வீட்டுத் தூசியில் போய்ச் சேர்வதைப் பற்றி என்னை எழுத வைத்தது ஒரு சோபா.

மகள் வீட்டுக்குப் புது சோபா வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். பேத்திக்கு அப்போது பதினோரு மாதம். தவழ்ந்து முடித்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கும் வயது. சேல்ஸ்மேன் பையன் கெட்டிக்காரன். டம்ளர் தண்ணீரை எடுத்து சோபா மேலேயே ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது. “கொழந்தை இருக்கிற வீட்டுக்கு இதுதாங்க சரி. பால் கொட்டினாலும் கறை ஒட்டாது” என்றான். மகள் அந்த இடத்திலேயே பணம் கட்டிவிட்டாள். “என்ன பினிஷ் தம்பி?” என்று கேட்டேன். “இம்போர்ட்டட் கோட்டிங் சார்” என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. பில்லில் இல்லை, சோபாவில் தைத்திருந்த லேபிளிலும் இல்லை.

சாம்பிள் துணி ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் அதன் மேல் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். எண்ணெயும் உருண்டது.

தொழிலில் இருப்பவர்களுக்கு இது போதும். தண்ணீர் மட்டும் உருண்டால் அது மெழுகாக இருக்கலாம், சிலிக்கனாக இருக்கலாம். எண்ணெயும் ஒட்டாமல் உருண்டால் அது ஃப்ளோரின் வேலை. எங்கள் பேச்சில் எஃப்.சி. பினிஷ், அதாவது ஃப்ளோரோகார்பன். வாடிக்கையாளரிடம் சொல்லும்போது ‘டெஃப்ளான் பினிஷ்’. பெயரைக் கேட்டாலே விலை கூடும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். டிரம்மில் வெள்ளையாகப் பால் மாதிரி ஒரு எமல்ஷன் வரும். லிட்டருக்கு 40 கிராம், 60 கிராம் என்று தண்ணீரில் கலந்து தொட்டியில் விடுவோம். துணி அதில் முங்கி, மேங்கிள் ரோலரில் பிழிந்து, ஸ்டென்டருக்குள் போகும். உள்ளே 150, 160 டிகிரி சூட்டில் காய்ந்து பதமாகி வெளியே வரும். பிறகு ஸ்ப்ரே டெஸ்ட். துணியை 45 டிகிரி சாய்த்து வைத்து, 250 மில்லி தண்ணீரை மேலிருந்து பூவாளி மாதிரி தெளிப்போம். ஒரு சொட்டும் ஒட்டாவிட்டால் 100 மார்க். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த 100 மார்க்குக்காக நாங்கள் பட்ட பாடும், 100 வந்ததும் எங்களுக்கு வந்த பெருமையும் கொஞ்சமல்ல. (தாமரை இலை அந்த மார்க்கை வாங்குவது மெழுகாலும் மேலே உள்ள நுண்ணிய மேடுபள்ளத்தாலும். அதற்கு ஃப்ளோரின் தேவைப்படவில்லை. அன்றைக்கு இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.)

துணி பெட்டியில் ஏறிப் போனதோடு எங்கள் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பூச்சு எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. இத்தனைக்கும் பஞ்சுத் தூசியிலேயே வாழ்ந்தவன். துணி தேயும் என்பது எனக்குத் தெரியாதா? உட்கார்ந்து எழ, துவைக்க, வெயிலில் போட, நார் நாராக உதிரும். நார் உதிர்ந்தால் அதன் மேல் இருக்கும் பூச்சும் சேர்ந்துதான் உதிரும். உதிர்ந்தது சோபாவுக்கு அடியில், கட்டில் காலருகே, திரைச்சீலையின் கீழ் விளிம்பில் ஒதுங்கும். அதைத்தான் நாம் தூசி என்கிறோம். பூச்சில் ஒட்டாமல் மிச்சமிருக்கும் சில ஃப்ளோரின் ஆல்கஹால்கள் ஆவியாகவும் கிளம்பும். மூடிய அறையில் அவற்றில் ஒரு பகுதி கடைசியில் அந்தத் தூசியிலேயே வந்து படியும்.

இந்த வேதிப்பொருட்களின் குடும்பத்துக்கு பிஃபாஸ் என்று பெயர். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கார்பனும் ஃப்ளோரினும் கை கோத்துக்கொண்டால் கரிம வேதியியலில் அதைவிட இறுக்கமான ஒற்றைப் பிணைப்பு கிடையாது. கறையை விரட்டும் பலமும் அதுதான், அழியாமல் நிற்கும் வினையும் அதுதான். வெயில், மழை, நுண்ணுயிர் எதுவும் அதைச் சுலபத்தில் உடைக்காது. பூச்சின் நீளமான மூலக்கூறு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்தாலும், கடைசியில் பி.எஃப்.ஓ.ஏ. போன்ற, அதற்கு மேல் உடையாத ஒரு சின்ன பிஃபாஸ் கட்டையில் வந்து நின்றுவிடும். அது உடம்புக்குள் போனால், பாதி வெளியேறவே இரண்டு முதல் நான்கு வருடம். அதே குடும்பத்தின் பி.எஃப்.ஓ.எஸ். என்பது அதைவிடப் பிடிவாதம்.

இதன் தொடக்கம் நம் ஊரில் இல்லை. 1938இல் அமெரிக்காவில் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்பவர் ஒரு வாயு சிலிண்டரைத் திறந்தபோது வாயுவுக்குப் பதில் வெள்ளைப் பொடி இருந்தது. அதுதான் டெஃப்ளான். 1953இல் 3எம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கேன்வாஸ் ஷூ ஒன்றின் மேல் தற்செயலாகச் சிந்திய திரவம், அந்த இடத்தை மட்டும் அழுக்கு படியவிடவில்லை. அதிலிருந்து வந்தது ஸ்காட்ச்கார்ட். கம்பளம், சோபா, கோட்டு என்று அந்த நாட்டு வீடுகளுக்குள் ஃப்ளோரின் புகுந்த வாசல் அது. 2000 மே மாதம் அதே நிறுவனம் பி.எஃப்.ஓ.எஸ். வகையை நிறுத்துவதாக அறிவித்தது. உலகம் முழுக்க மனித ரத்தத்தில் அது இருப்பது அதற்குள் தெரிந்துவிட்டது.

சரி, ரத்தத்துக்கு எப்படிப் போனது? பெரியவர்களுக்கு முதல் வழி சாப்பாடும் தண்ணீரும். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பகுதியில் டெஃப்ளான் ஆலையின் பி.எஃப்.ஓ.ஏ. கழிவு கலந்தது குடிதண்ணீரில்தான். சுமார் 69,000 பேரை வைத்து அங்கே நடந்த ஆய்வு, சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண், கூடுதல் கொழுப்பு, கர்ப்பகால ரத்த அழுத்தம் ஆகிய ஆறோடும் பி.எஃப்.ஓ.ஏ.வுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012இல் சொல்லி முடித்தது. 2023 நவம்பரில் லியோனில் கூடிய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு பி.எஃப்.ஓ.ஏ.வை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில், சேர்த்தது.

ஆனால் தவழும் குழந்தையின் கணக்கு வேறு. அது தரையில் வாழ்கிறது. கையை ஊன்றும், அதே கையை வாயில் வைக்கும். கீழே கிடப்பதெல்லாம் முதலில் வாய்க்குப் போய்விட்டுத்தான் வேறெங்கும் போகும். ஒரு குழந்தை நாளொன்றுக்குப் பல பத்து மில்லிகிராம் தூசியை விழுங்குகிறது என்பதுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு. எடையோ பத்து கிலோ. பெரியவர்களைவிட உடம்பு சிறிது, வாய்க்குப் போகும் தூசி அதிகம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பினிஷிங் மாஸ்டருக்குக் கணக்கு இல்லாமல் கை ஓடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் நான்கு பிஃபாஸ்களைச் சேர்த்து ஒரு வரம்பு வைத்தது: உடல் எடை கிலோவுக்கு வாரம் 4.4 நானோகிராம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பத்து கிலோக் குழந்தைக்கு வாரம் 44. இப்போது தூசியை எடுங்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் என்றால் வாரத்துக்கு 0.35 கிராம். கிராமுக்கு 100 நானோகிராம் இருக்கும் தூசி என்று வைத்துக்கொண்டால் 35 ஆகிறது. பால், சோறு, தண்ணீர் எதையும் சேர்க்காமல், தரையிலிருந்து மட்டும் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. 100 என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஒஹையோவிலும் வட கரோலினாவிலும் வீடுகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் 2000, 2001 வாக்கில் எடுத்த தூசியில் பி.எஃப்.ஓ.எஸ். மட்டுமே நடுமதிப்பாகக் கிராமுக்குச் சுமார் 200 இருந்தது.

அந்த 4.4 என்ற வரம்புக்கு அடிப்படையாக அவர்கள் எடுத்துக்கொண்டது புற்றுநோயைக்கூட அல்ல, தடுப்பூசியை. ரத்தத்தில் பிஃபாஸ் கூடுதலாக இருக்கும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்புப் பொருள் குறைவாகவே உருவாகிறது என்பதுதான் அவர்களைக் கவலைப்படுத்தியது. ஃபரோ தீவுகளின் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து ஃபிலிப் கிரான்ஜான் குழுவினர் 2012இல் வெளியிட்ட முடிவு இது: ஐந்து வயதில் ரத்தத்தில் பிஃபாஸ் இரண்டு மடங்கானால், ஏழு வயதில் டெட்டனஸ், டிப்தீரியாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய பாதி குறைவு. அது தூசியால் வந்தது அல்ல, அங்கே கடல் உணவு காரணம். ஆனால் எந்த வழியாக வந்தால் என்ன, ரத்தத்துக்குள் போன பிறகு அது ஒரே சரக்குதான். பேத்திக்கு முத்தடுப்பு ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்ற காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது.

இன்னொன்று. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். சீனாவில் ஃப்ளோரின் ரசாயன ஆலை ஒன்றில் வேலை செய்பவர்களின் குடும்பத்தாரைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வு வந்தது. ஆலைக்குள் காலே வைக்காத வீட்டார் ரத்தத்திலும் அது ஏறியிருந்தது. தொழிலாளியோடு வீட்டுக்கு வந்த தூசிக்கு அதில் முக்கியப் பங்கு இருந்தது. நான் ஷிஃப்ட் முடிந்து வருவேன். சட்டையில், தலையில், மீசையில் பஞ்சு. வாசலிலேயே மகள் ஓடி வந்து மேலே ஏறிக்கொள்வாள். “குளிச்சிட்டு வாங்க, அப்புறம் தூக்குங்க” என்று அவள் அம்மா கத்துவாள். நானா கேட்டேன்? இன்று அந்த மகள் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். தைராய்டுக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் ஸ்டென்டர் ஓட்டிய ஒருவரின் ரத்தத்தையாவது, அவர் வீட்டுத் தூசியையாவது யாரும் எடுத்துப் பார்க்க வந்ததாக நான் அறியேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஃப்ளோரின் மாறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சி8, எட்டு கார்பன் சங்கிலி. வெளிநாட்டு பையர்கள் அதை வேண்டாம் என்றதும் சி6 வந்தது. ஆறு கார்பன், உடம்பிலிருந்து சீக்கிரம் போய்விடும், பயமில்லை என்றார்கள். இப்போது அதுவும் வேண்டாம், ஃப்ளோரினே கூடாது என்கிறார்கள். துணியில் கெடுதலான ரசாயனம் இல்லை என்று சான்று தரும் வெளிநாட்டு அமைப்பான ஓய்கோ-டெக்ஸ் 2024 ஜனவரியிலிருந்து தன் சான்றிதழில் பிஃபாஸுக்குப் பொதுத் தடை வைத்து, துணியில் மொத்த ஃப்ளோரினுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று எல்லை போட்டது. பிஃபாஸ் சேர்த்த உடை, காலணி, ஒப்பனைப் பொருட்களை 2026 ஜனவரி 1 முதல் விற்கக்கூடாது என்று பிரான்ஸ் 2025 பிப்ரவரியில் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் சி6இன் கடைசிக் கட்டையான பி.எஃப்.எச்.எக்ஸ்.ஏ. மேல் 2024 செப்டம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உடைகளுக்கு 2026 அக்டோபர் கெடு, மற்ற ஜவுளிக்கு அதற்கு ஒரு வருடம் பின்னால். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 2025 ஜனவரியிலிருந்தே கம்பளம், சோபா வகை, சமையல் பாத்திரம் என்று பதினொரு வகைப் பொருட்களில் தடுத்துவிட்டது.

இத்தனையையும் எங்கள் ஊர் ஏற்றுக்கொண்டது. எப்படித் தெரியுமா? பையர் சொன்னார், செய்தோம். கெமிக்கல் மாற்றினோம், சூட்டை மாற்றினோம், நாலு ட்ரையல் கெட்டுப்போனது, ஐந்தாவது சரியாக வந்தது. ஃப்ளோரின் இல்லாமலே ஸ்ப்ரே டெஸ்டில் 90, 100 வாங்க முடிகிறது. எண்ணெய்க் கறைக்கு மட்டும் அது சரிப்படாது. மேசை விரிப்பில் எண்ணெய் பட்டால் துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் அம்மா சோப்புக் கட்டியால் செய்ததை வாஷிங் மெஷின் செய்யாதா? ஆபரேஷன் தியேட்டர் கவுனுக்கும் தீயணைப்பு வீரர் உடைக்கும் ஃப்ளோரின் வேண்டுமா என்பதைத் தனியாக உட்கார்ந்து பேசலாம். குஷன் உறைக்கு வேண்டாம். இதை நான் அடித்துச் சொல்வேன்.

ஆக, பாரிஸுக்குப் போகும் துணிக்கு ஒரு ரெசிபி. அதே ஸ்டென்டரில், மறுநாள், நம் நாட்டுக் கடைக்குப் போகும் துணிக்கு? அதைக் கேட்க ஆளில்லை. கேட்கச் சட்டமும் இல்லை. மிச்சம் நிற்கும் பழைய டிரம்மை யாராவது சாக்கடையில் ஊற்றுவார்களா? லோக்கல் ஆர்டருக்குத்தான் ஓடும். ஃப்ளோரின் டெஸ்டில் பையர் திருப்பி அனுப்பும் சரக்கு குப்பைக்கா போகும்? ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று பலகை மாட்டிய கடைக்குப் போகும். நாமும் விலை மலிவு, தரம் உசத்தி என்று முண்டியடித்து வாங்கி வருவோம். நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. விதி இல்லாத இடத்தில் வியாபாரி அப்படித்தான் நடப்பார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான்.

உங்களிடம் நேராக ஒரு கேள்வி. சுலபத்தில் அழியாத நச்சு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இந்தியா 2006 முதல் இருக்கிறது. அந்த உடன்படிக்கை 2009இல் பி.எஃப்.ஓ.எஸ்.ஸையும், 2019இல் பி.எஃப்.ஓ.ஏ.வையும், 2022இல் அதே குடும்பத்தின் பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ்.ஸையும் பட்டியலில் சேர்த்தது. புதிதாகச் சேர்ப்பது எதுவும், நாம் தனியாக ஒப்புதல் தந்தால் ஒழிய, நம்மைக் கட்டாது என்று இந்தியா தொடக்கத்திலேயே வழி வைத்துக்கொண்டது. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஏழு வேதிப்பொருட்களுக்கு ஒப்புதல் தந்தது. அந்த ஏழில் பி.எஃப்.ஓ.எஸ். இல்லை. பி.எஃப்.ஓ.ஏ.வும் இல்லை. ஏன்? தொழில் கெட்டுவிடும் என்ற பயமென்றால், தொழில்காரன் நான் சொல்கிறேன்: சி8ஐ நம் ஏற்றுமதி ஆலைகள் விட்டுப் பல வருடமாகிறது. இப்போது அதைக் காப்பாற்றி யாருக்கு லாபம்?

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈயத்துக்குச் செய்தது நீங்கள்தான். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்று 2016இல் உங்கள் அமைச்சகம் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுவர்ப் பெயின்ட் உரிந்து, தூளாகி, தரைத் தூசியாகி, குழந்தை வாய்க்குப் போகிறது என்பதுதானே அங்கே முக்கியமான காரணம்? சோபாத் துணியின் கதையும் அதே பாதையில்தான் போகிறது. பெயின்டுக்குச் சரியாக வந்த யோசனை துணிக்கு ஏன் வராது?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்த இந்த பிஃபாஸ்களுக்கு ஒப்புதல் தாருங்கள், அது முதலாவது. தர நிர்ணய அமைவனம், வீட்டு ஜவுளிக்கும் குழந்தைகள் துணிக்கும் பள்ளிச் சீருடைக்கும் மொத்த ஃப்ளோரினுக்கு ஒரு எல்லை வைக்கட்டும். ஏற்றுமதிக்கு எங்கள் ஆலைகள் ஏற்கெனவே கடைப்பிடிக்கும், கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற அதே எல்லை போதும், புதிதாக ஆராய வேண்டியதில்லை. சீருடையைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. வட அமெரிக்காவில் ‘கறை படியாது’ என்று விற்ற பள்ளிச் சீருடைகளைப் பரிசோதித்து, அவற்றில் பிஃபாஸ் இருப்பதை 2022இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக்கிடக்கும் துணி அது. எல்லை வைக்க நாளாகும் என்றால், அதுவரை லேபிளிலாவது எழுதச் சொல்லுங்கள். கறை ஒட்டாது என்று விற்கிறவர், எதனால் ஒட்டாது என்றும் சொல்ல வேண்டும். இந்த ஒரு வரி இருந்திருந்தால், பணம் கட்டும் முன்பே மகளின் கையைப் பிடித்திருப்பேன்.

அதோடு, தூசியை எடுத்துப் பாருங்கள். அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இருக்கிறது. கரூர், திருப்பூர், பெருந்துறை, ஆம்பூர், ராணிப்பேட்டை, சூரத், லூதியானா என்று பினிஷிங் நடக்கும் ஊர்களில் சில நூறு வீடுகளின் தூசியும், சம்மதித்தவர்களின் ரத்தமும் போதும். ஆம்பூரையும் ராணிப்பேட்டையையும் சேர்த்தது, தண்ணீர் இறங்காத தோலுக்கும் இதே சரக்கு போவதால்.

தோசைக்கல்லைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நான்-ஸ்டிக் கல்லை மாற்றிவிட்டேன், இனி கவலையில்லையே என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. அது வேறு விஷயம். கல்லில் இருப்பது கெட்டியாகிவிட்ட பாலிமர், அதை அளவுக்கு மீறிக் காய விடாமல் இருந்தால் வீட்டுத் தூசிக்கு அது பெரிய வாசல் அல்ல. துணிதான் பெரிய வாசல். துணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேட்கிற சிலருக்கும் கிடைக்கும் பதில், “நன்றாகக் கூட்டித் துடையுங்கள்” என்பது. ஈரத் துணியால் துடைப்பது நல்லதுதான், வறட்டுச் சீமாறு தூசியைக் கிளப்பி மறுபடி மேலே அனுப்பும். சோறூட்டும் முன் குழந்தையின் கையைக் கழுவுவதும் நல்லது. சிமென்ட் தரையும் டைல்ஸும் இருக்கும் நம் வீடுகள், சுவரோடு சுவராகக் கம்பளம் ஒட்டிய அமெரிக்க வீடுகளைவிட இந்த விஷயத்தில் தேவலை. ஆனால் இதை வீட்டுப் பெண்களின் இடுப்பில் கட்டிவிட்டு நீங்கள் கையைக் கழுவிக்கொள்ளாதீர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நாற்காலி, சோபா, கம்பளம் எல்லாவற்றையும் இந்த ரசாயனங்கள் குறைவாக உள்ளவையாக மாற்றிய அறைகளில், தூசியிலிருந்த பிஃபாஸ் 78 சதவீதம் குறைவாக இருந்தது. கூட்டித் துடைத்ததால் குறைந்தது அல்ல, அறைக்குள் வருவதை நிறுத்தியதால் குறைந்தது. நிறுத்துகிற அதிகாரம் துடைப்பம் பிடிக்கிறவளிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது.

நமக்கு ஒரு நல்ல காலமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். குருந்தாசலம் கண்ணன் என்ற நம்மவர் அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தத் துறையில் தொடக்கத்திலிருந்து உழைத்தவர். அவரும் மற்றவர்களும் ஒன்பது நாட்டு மக்களின் ரத்தத்தைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். பி.எஃப்.ஓ.எஸ். அமெரிக்காவிலும் போலந்திலும் மில்லிக்கு 30 நானோகிராமுக்கு மேல். இந்தியாவில் 3க்கும் கீழ். ஒன்பதில் நாம்தான் கடைசி. இப்படிக் கடைசியில் நிற்பது எத்தனை பெரிய பாக்கியம்! அப்போது நம் வீடுகளில் சோபா குறைவு, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தோம், கறை பட்டால் பட்டது. இருபது வருடத்தில் வீடு மாறிவிட்டது. ரத்தம் எவ்வளவு மாறியிருக்கும் என்பதைத்தான் அளந்து சொல்லுங்கள் என்கிறேன்.

அமெரிக்கர்களுக்குக் குறைந்தது எப்படி என்பதும் தெரிந்த கதை. உற்பத்தி நின்றது, ரத்தத்தில் பி.எஃப்.ஓ.எஸ். 1999க்கும் 2018க்கும் இடையில் 85 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அவர்கள் ஏறிவிட்டு இறங்கினார்கள். நாம் ஏறவே வேண்டாமே.

எங்கள் பக்கத்து நொய்யல் ஆற்றை உங்கள் கோப்புகள் மறந்திருக்காது. சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையை நிறைத்து, விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். சாயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறு சிவப்பாக ஓடினால் புகைப்படம் எடுக்கலாம், நீதிபதியிடம் காட்டலாம். இதற்கு நிறமில்லை, வாசமில்லை. சோபாவுக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிற உருண்டையைக் காட்டி யார் வழக்குப் போடுவார்?

அந்த சோபா இன்னும் மகள் வீட்டில்தான் இருக்கிறது. பணம் கொடுத்தாயிற்று, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார், தூக்கிப்போட மனசு வரவில்லை. மேலே பழைய கைத்தறிப் போர்வையைப் போட்டு மூடியிருக்கிறோம். பேத்தி இப்போது ஓடுகிறாள். போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு அதன் மேல் ஏறிக் குதிப்பதுதான் அவளுக்கு விளையாட்டு.

போன ஞாயிறன்று சோபாவை நகர்த்தி, அடியில் கூட்டியதை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். பாலிப்ரோப்பிலீன் டப்பா, ஹோட்டலில் குழம்பு பார்சல் கட்டித் தருவது, நன்றாகக் கழுவிக் காயவைத்தது. மேலே தேதி, அறை, துணி வாங்கிய வருடம் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறேன். சாம்பிள் துணித் துண்டும் கூடவே இருக்கிறது. எந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பினிஷிங் மாஸ்டர் ஒருவர்,
கரூர்.